ஒரே ஓர் அணு கனத்தைப் பார்த்தவர் – இர்விங் லாங்முயர்



இந்த மாதச் சுவர் இதழில் அறிஞர் வரலாறு எழுதும் முறை எனக்கு வந்தது. எடிசன், மேரி கியூரி, சர் சி.வி. ராமன் எல்லாரையும் நம்ம இதழில் படிச்சாச்சு. அதனால் நான் இர்விங் லாங்முயர் என்ற விஞ்ஞானியைத் தேர்ந்தெடுத்தேன். இவர் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். இந்தப் பேரைக் கேட்டதே இல்லையேன்னு நீங்க நினைக்கலாம். ஆனால் இவர் கை வைத்த ஒரு பொருள் நம்ம எல்லார் வீட்டிலும் பல வருஷம் தொங்கிக்கொண்டு இருந்தது. அதுதான் குண்டு பல்பு. இப்போ எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது. ஆனாலும் பழைய குண்டு பல்பு எங்கேயாவது பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்க. கண்ணாடி உள்பக்கம் கறுப்பாகப் புகை படிந்த மாதிரி இருக்கும். அந்தக் கறுப்பு ஏன் வந்தது என்ற கேள்வியில்தான் இவருடைய முக்கியமான ஆராய்ச்சி தொடங்கியது.

இவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

இர்விங் லாங்முயர் 1881 ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அப்பா பெயர் சார்லஸ். அம்மா பெயர் சேடி. வீட்டில் நான்கு ஆண் பிள்ளைகள். இவர் மூன்றாவது. அப்பா இன்சூரன்ஸ் தொழிலில் இருந்தார். பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் கவனமாகப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுதி வைக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் பழக்கினார்கள்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. எதையும் கவனமாகப் பார்க்கச் சொல்லி வளர்த்த அந்தப் பிள்ளைக்குக் கண்ணே சரியாகத் தெரியாது. தூரத்தில் இருப்பது எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. அது அவருக்கே தெரியாது. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் போலன்னு இருந்திருக்கிறார். 11 வயசு ஆன பிறகுதான் கண்ணில் குறை இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் மரத்தில் தனித்தனியாக இலை இருப்பது அவருக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அதுவரை மரம் என்றால் ஒரு பச்சை மொத்தை. இயற்கையை உற்றுப் பார்க்கும் ஆசை அதிலிருந்து அவருக்கு அதிகமானது.

மூத்த அண்ணன் ஆர்தர் வேதியியல் படித்தவர். அவர்தான் தம்பிக்கு அறிவியலில் ஆசையை ஊட்டினார். படுக்கை அறையின் ஒரு மூலையிலேயே சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் வைக்க உதவி செய்தார். சிறு வயதில் சில வருஷம் குடும்பத்தோடு பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரத்திலும் லாங்முயர் படித்தார்.

கல்வி

1903 இல் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு ஜெர்மனி சென்று கோட்டிங்கன் நகரத்தில் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற பெரிய விஞ்ஞானியிடம் சேர்ந்தார். 1906 இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. சூடான கம்பியின் பக்கத்தில் வாயுக்கள் எப்படிப் பிரிகின்றன, ஆறும்போது எப்படித் திரும்பச் சேர்கின்றன என்பதுதான் அவர் ஆராய்ச்சி. சூடான கம்பியும் வாயுவும் என்ற இந்த விஷயம் அவரை அதற்குப் பிறகு விடவே இல்லை.

ஊர் திரும்பி நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியில் மூன்று வருஷம் ஆசிரியராக வேலை பார்த்தார். பாடம் நடத்தவே நேரம் சரியாக இருந்தது. ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கவில்லை. 1909 கோடை விடுமுறையில் ஸ்கெனெக்டடி என்ற ஊரில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை வேலைக்குப் போனார். அங்கேயே தங்கிவிட்டார். 41 வருஷம் அங்கேதான் வேலை.

கறுத்துப் போகும் பல்பு

அந்தக் காலத்தில்தான் டங்ஸ்டன் கம்பி போட்ட பல்பு வந்தது. அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த கூலிட்ஜ் என்பவர் எளிதில் உடையும் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் பல்பு எரிய எரியக் கண்ணாடி கறுத்துப் போகும். வெளிச்சம் குறையும். பல்புக்குள் வெற்றிடம் சரியில்லை, மிச்சம் இருக்கும் காற்றுதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள். இன்னும் நல்ல வெற்றிடம் செய்தால் சரியாகிவிடும் என்று அதற்கே பாடுபட்டார்கள்.

லாங்முயர் நேர்மாறாகச் செய்தார். காற்றை முழுசாக எடுப்பது கஷ்டம். அதனால் வேண்டுமென்றே ஒவ்வொரு வாயுவாக உள்ளே கொஞ்சம் கொஞ்சம் விட்டுப் பார்ப்போம், எந்த வாயு என்ன கெடுதல் செய்கிறது என்று தெரிந்துவிடும் என்று யோசித்தார். ஹைட்ரஜன் விட்டார். நைட்ரஜன் விட்டார். ஆக்சிஜன் விட்டார். நீராவி விட்டார். ஒவ்வொன்றும் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு நேரத்தில் குறைகிறது என்று நோட்டில் எழுதினார்.

இதனால் கம்பெனிக்கு உடனே லாபம் எதுவும் இல்லை. எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் கம்பெனிக்கு என்ன பயன் என்று தெரியவில்லையே என்று அவரே மேலதிகாரி விட்னியிடம் கவலைப்பட்டார். விட்னி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தொடர்ந்து செய்யச் சொல்லிவிட்டார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு விட்னி மேலும் பெரிய மரியாதை வந்தது.

கடைசியில் உண்மை தெரிந்தது. நல்ல வெற்றிடம் இருந்தாலும் பல்பு கறுக்கத்தான் செய்யும். காரணம், சூட்டில் டங்ஸ்டன் கம்பியே ஆவியாகிக் கண்ணாடியில் போய்ப் படிகிறது. அதனால் வெற்றிடத்துக்குப் பதில் நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவை நிரப்பி, கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்தார். வாயு இருந்தால் டங்ஸ்டன் அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. 1913 இல் இந்தப் பல்பு வெளிவந்தது. பெரிய பல்புகளில் அதே வெளிச்சம் ஏறத்தாழ பாதி மின்சாரத்தில் கிடைத்தது. பயன் இல்லாத கேள்வி என்று நினைத்ததுதான் கோடிக்கணக்கான வீட்டுக்கு வெளிச்சம் ஆச்சு.

காணாமல் போன ஆக்சிஜன்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

பல்புக்குள் கொஞ்சூண்டு ஆக்சிஜன் விட்டுக் கம்பியைச் சூடாக்கினால் ஆக்சிஜன் காணாமல் போய்விடும். அது டங்ஸ்டனோடு சேர்ந்து ஆக்சைடு ஆகி, ஆவியாகி, கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இது வரைக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் எல்லா ஆக்சிஜனும் போன பிறகும் கம்பி பழைய கம்பியாக இல்லை என்பதை லாங்முயர் கவனித்தார்.

சுத்தமான சூடான டங்ஸ்டன் கம்பியிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே வரும். கண்ணுக்கே தெரியாத அளவு ஆக்சிஜன் பட்டால் போதும், அந்த எலக்ட்ரான் வருவது ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்துவிடுகிறது. அப்படின்னா கம்பி மேலே ஏதோ ஒன்று போர்த்திக்கொண்டு இருக்கிறது. அதன் கனம் எவ்வளவு என்று கணக்குப் போட்டார். ஒரே ஓர் அணு கனம்! அதற்கு மேல் இல்லை. சுமார் 1200 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அது கம்பியை விட்டுப் போகவில்லை. அந்தச் சூட்டில் ஹைட்ரஜனை விட்டாலும் அது தண்ணீர் ஆகவில்லை.

சும்மா ஒட்டிக்கொண்டு இருந்தால் இவ்வளவு சூட்டில் எப்போதோ பறந்திருக்கும். அதனால் ஆக்சிஜன் அங்கே மூலக்கூறாக இல்லை, இரண்டு அணுவாக உடைந்து, ஒவ்வோர் அணுவும் டங்ஸ்டன் அணுவோடு வேதிப்பிணைப்பு போட்டிருக்கிறது என்று லாங்முயர் முடிவு செய்தார். இப்படி ஒரு பொருளின் மேற்பரப்பில் வாயு வந்து தங்குவதற்குப் பரப்பு கவர்தல் என்று பெயர். உறிஞ்சுதல் வேறு, இது வேறு. பஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது உறிஞ்சுதல். பலகை மேல் சுண்ணாம்புத் தூள் படிவது மாதிரி மேலே மட்டும் தங்குவது பரப்பு கவர்தல்.

பெஞ்சு கணக்கு

1916 முதல் 1918 வரை லாங்முயர் எழுதிய கட்டுரைகள் உலகம் முழுக்கப் பெயர் பெற்றவை. அதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்.

உலோகத்தின் மேற்பரப்பை ஒரு வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் இத்தனை இடம்தான் என்று கணக்கு உண்டு. ஓர் இடத்தில் ஒருத்தர்தான் உட்கார முடியும். மடியில் இன்னொருத்தர் உட்கார முடியாது. இடம் காலியாக இருந்தால் வருகிறவர் உட்காரலாம். உட்கார்ந்தவர் எழுந்தும் போகலாம். வருகிறவரும் போகிறவரும் சமமாக ஆகும்போது எத்தனை இடம் நிரம்பியிருக்கிறதோ அதுதான் கணக்கு. கட்டைவிரல் நகம் அளவு உலோகத்தில் எத்தனை இடம் இருக்கும் தெரியுமா? 1 போட்டுப் பக்கத்தில் 15 பூஜ்ஜியம் போடுங்கள். ஏறத்தாழ அவ்வளவு இடம்!

ஆக்சிஜன் எப்போதும் ஜோடியாகத்தான் திரியும். இரண்டு அணு கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரும் தோழிகள் மாதிரி. பெஞ்சில் ஓர் இடம் இங்கே, ஓர் இடம் அங்கே என்று இருந்தால் அவர்கள் உட்கார முடியாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் வேண்டும். உட்கார்ந்ததும் கையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். அதுதான் ஆக்சிஜன் உடைவது.

உடைந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்காமலே கணக்கால் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் லாங்முயரின் கெட்டிக்காரத்தனம். உடையாத வாயு என்றால், இடம் நிறையக் காலியாக இருக்கும் போது, அழுத்தத்தை 2 மடங்கு ஆக்கினால் உட்கார்ந்தவர்களும் 2 மடங்கு ஆவார்கள். இரண்டாக உடையும் வாயு என்றால் அப்படி இல்லை. 2 மடங்கு ஆக அழுத்தத்தை 4 மடங்கு ஆக்க வேண்டும். நாம் படிக்கும் வர்க்கமூலம்தான் இங்கே வருகிறது. வர்க்கமூலம் எதுக்குன்னு நான் கேட்டது உண்டு. இதுக்கும்தான் போல.

ஏன் உடைகிறது?

ஆக்சிஜன் அணுக்களின் பிடி ரொம்பப் பலம். ஒரு மோல் ஆக்சிஜனை, அதாவது 32 கிராமை, வெறுமனே பிரித்து எடுக்க 498 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். அதனால்தான் நம்மைச் சுற்றிக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருந்தும் விறகு தானாகப் பற்றிக்கொள்வதில்லை. ஆனால் உலோகத்தின் மேல் உட்காரும்போது உலோகம் தன் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் கொடுக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் இரண்டு ஆக்சிஜனுக்கும் நடுவில் உள்ள பிணைப்பைத் தளர்த்திவிடுகின்றன. உலோகத்தோடு இரண்டு புதுப் பிணைப்பு வருவதால் செலவான ஆற்றலும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. இந்த எலக்ட்ரான் விவரம் லாங்முயருக்குப் பிறகு வந்தவர்கள் சொன்னது.

எல்லா உலோகமும் ஒரே மாதிரி இல்லை. தங்கத்தின் மேல் ஆக்சிஜன் உடைவதே அபூர்வம். அதனால்தான் பாட்டி காலத்துத் தங்கம் இன்னும் மின்னுது. அலுமினியத்தில் ஆக்சிஜன் உடனே உடைந்து மெல்லிய ஆக்சைடு தோல் ஆகிவிடும். அந்தத் தோலே காவல் காப்பதால் உள்ளே கெடாது. இரும்பில் உடைந்த ஆக்சிஜன் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே உள்ளே போய்த் துருவாக்கும். மழையில் விட்ட அரிவாளைப் பார்த்தால் தெரியும். பிளாட்டினம் இவற்றுக்கு நடுவில். ஆக்சிஜனை உடைக்கவும் செய்யும், யாராவது வந்து கேட்டால் விட்டுக்கொடுக்கவும் செய்யும். மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே நன்றாகக் குளிர வைத்தால் பிளாட்டினத்தில் ஆக்சிஜன் உடையாமல் ஜோடியாகவே படுத்திருக்கும். கொஞ்சம் சூடு ஏறினால் உடைந்துவிடும்.

அதிகம் கொடுத்தால் வேகம் குறையும்

1922 இல் லாங்முயர் பிளாட்டினம் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார். கார்பன் மோனாக்சைடு ஒரு விஷ வாயு. அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு ஆகும். சூடான பிளாட்டினம் இருந்தால் இது வேகமாக நடக்கும். பிளாட்டினம் செலவாகாது. இதைத்தான் வினைவேக மாற்றி என்று படிக்கிறோம். பிளாட்டினம் இப்படி ஏதோ செய்கிறது என்று ஹம்ப்ரி டேவி 1817 லேயே பார்த்துவிட்டார். எப்படிச் செய்கிறது என்பதுதான் நூறு வருஷமாகத் தெளிவாகாமல் இருந்தது.

கார்பன் மோனாக்சைடை அதிகம் விட்டால் வினை வேகமாகத்தானே நடக்க வேண்டும்? லாங்முயர் அளந்து பார்த்தபோது குறைவான சூட்டில் அது மெதுவாக ஆனது! ஏன்? பெஞ்சு கணக்கிலேயே பதில் இருக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு ஓர் இடம் போதும். அது வந்து எல்லா இடத்திலும் கெட்டியாக உட்கார்ந்துவிடும். ஜோடி ஆக்சிஜனுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் எங்கே கிடைக்கும்? வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சூட்டை ஏற்றினால் கார்பன் மோனாக்சைடு சிலது எழுந்து போகும். இடம் காலியாகும். ஆக்சிஜன் உட்கார்ந்து உடையும். உடைந்த ஆக்சிஜன் அணு கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். இடம் திரும்பக் காலி.

கார்பன் மோனாக்சைடு பறந்து வந்து ஆக்சிஜன் மேல் மோதுகிறதா, பக்கத்தில் உட்கார்ந்து சேர்கிறதா என்று பின்னால் நெடுநாள் ஆராய்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சேர்கிறது என்பது ஜெர்மனியின் கெர்ஹார்ட் எர்ட்ல் போன்றவர்களின் ஆராய்ச்சியில் தெளிவானது. எர்ட்லுக்கு 2007 இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இது நமக்கு எதுக்கு? பெட்ரோல் கார் புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் தடவிய தேன்கூடு மாதிரி ஒரு பாகம் இருக்கும். விஷப்புகையைக் கெடுதல் குறைந்த வாயுவாக மாற்றுவது அதன் வேலை. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெரு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம் ஆனது. வண்டியைக் கிளப்பிய உடனே அது சரியாக வேலை செய்யாது. சூடு ஏற வேண்டும். ஏன் என்று இப்போ நீங்களே சொல்லிவிடுவீங்க. கார்பன் மோனாக்சைடு இடத்தை விட வேண்டும் அல்லவா? நம் இரத்தத்திலும் அது இதே மாதிரி ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கவே கூடாது.

இரண்டு பெண்கள்

லாங்முயர் தண்ணீர் மேல் எண்ணெய் படலத்தையும் ஆராய்ந்தார். அதுவும் ஒரே மூலக்கூறு கனம். அதற்கு அவர் பயன்படுத்திய தொட்டி முறையை முன்பே தொடங்கி வைத்தவர் ஜெர்மனியின் ஆக்னஸ் பாக்கெல்ஸ். பெண் என்பதால் அவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும் தண்ணீரைக் கவனித்தே ஆராய்ச்சி செய்தார். அவர் எழுதிய கடிதத்தை இங்கிலாந்தின் ராலே பிரபு 1891 இல் நேச்சர் இதழில் வெளிவரச் செய்தார்.

இன்னொருவர் கேதரின் பிளாட்ஜெட். அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் பெண் விஞ்ஞானி. லாங்முயர் அவரை மேலே படிக்க ஊக்கப்படுத்தினார். 1926 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். கண்ணாடி மேல் 44 மூலக்கூறு அடுக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றி, 1938 இல் ஒளி தெறிக்காத கண்ணாடியைச் செய்தார். அந்தப் பூச்சு துடைத்தால் போய்விடும். பிறகு மற்றவர்கள் உறுதியான பூச்சு கண்டுபிடித்தார்கள். இன்று மூக்குக்கண்ணாடியிலும் கேமராவிலும் இருக்கும் பூச்சு அந்த வழியில் வந்ததுதான்.

பரிசும் தவறும்

1932 இல் மேற்பரப்பு வேதியியலுக்காக லாங்முயருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பரிசு வாங்கிய முதல் அமெரிக்க வேதியியலாளர் அவர்தான். பிளாஸ்மா என்று நாம் படிக்கும் பெயரை மின்னேற்றம் பெற்ற வாயுவுக்கு வைத்ததும் அவரே. மலை ஏறுவார், விமானமும் ஓட்டுவார்.

ஆனால் பெரியவர்களும் தவறு செய்வார்கள். வயதான காலத்தில் அவர் மேகத்தில் உலர் பனிக்கட்டி தூவி மழை வரவைக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1947 அக்டோபரில் ஒரு புயலில் அப்படித் தூவினார்கள். புயல் திசை திரும்பி ஜார்ஜியா மாநிலக் கரையைத் தாக்கியது. நாங்கள் தூவியதால்தான் புயல் திரும்பியது என்று லாங்முயர் உறுதியாக நம்பினார். ஆனால் அது தூவுவதற்கு முன்பே திரும்பத் தொடங்கிவிட்டது என்று வானிலை அறிஞர்கள் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், விஞ்ஞானிகள் ஆசைப்பட்டதையே பார்த்து எப்படி ஏமாந்துபோகிறார்கள் என்று 1953 இல் அவரே ஓர் உரை நிகழ்த்தினார். கண்ணாடி போட்டாலும் சில சமயம் மங்கலாகத் தெரியும் போலிருக்கு. இதை மறைக்காமல் எழுதினால்தான் வரலாறு என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்னதால் எழுதியிருக்கிறேன்.

மறைவு

1957 ஆகஸ்ட் 16 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மாரடைப்பால் லாங்முயர் காலமானார். அவர் பெயர் இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஓர் அலகாக இருக்கிறது. ஒரு சுத்தமான பரப்பு எவ்வளவு வாயுவைச் சந்தித்தது என்பதை அளக்கும் அலகு அது. சாதாரணக் காற்றழுத்தத்தில் 76 கோடியில் ஒரு பங்கு அழுத்தத்தில் ஒரு நொடி இருந்தால் 1 லாங்முயர். வந்து மோதும் எல்லாமே ஒட்டிக்கொண்டால் அந்த ஒரு நொடியில் ஏறத்தாழ ஓர் அடுக்கு நிரம்பிவிடும். நாம் மூச்சு விடும் காற்றில் இது பல கோடி மடங்கு வேகமாக நடக்கும். அதனால்தான் சுத்தமான உலோகத்தை நாம் யாருமே கையால் தொட்டது இல்லை. தொடுவதற்குள் ஏதாவது ஒரு வாயு உட்கார்ந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது

இப்போது அந்த இன்னொரு காரணம். நான் ஏழாம் வகுப்பு வரை நடுவில் உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் எழுதுவது எனக்குச் சரியாகத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் தோழியின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவேன். கண்ணாடி போட்டால் சோடாபுட்டின்னு கிண்டல் பண்ணுவாங்களேன்னு பயந்து யாரிடமும் சொல்லவில்லை. கணக்கில் மார்க் குறைந்தபோது எனக்குப் புத்தி இல்லை என்றே நினைத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கு வந்த கண் பரிசோதனை முகாமில்தான் தெரிந்தது. கண்ணாடி போட்ட அன்று சாயங்காலம் பள்ளி வாசல் புங்கமரத்தில் இலை ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பிறகு நூலகத்தில் லாங்முயரின் இளமைக் கதையைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இலைகூடத் தூரத்திலிருந்து தெரியாத பையன்தான் பின்னால் ஓர் அணு கனத்தில் போர்த்திய ஆக்சிஜனைக் கண்டுபிடித்தான். அதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. அளந்து, எழுதி, யோசித்துப் பார்த்தார்.

அதனால் ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இந்த எழுத்து கிட்டே வந்தால்தான் தெரிகிறது என்றால், தயவுசெய்து இன்றைக்கே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கிண்டலுக்குப் பயப்படாதீங்க. கிண்டல் செய்கிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்க. உங்களுக்குப் பயந்து ஒருத்தி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். ஆசிரியர்கள் அடுத்த கண் முகாமில் ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லாரையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

 பிழை இருந்தால் மன்னிக்கவும்.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி